பொம்மைப் பிரசவம்: மகப்பேறு செவிலிய மாணவியருக்குப் பாவனைப் பயிற்சி நடத்தும் முறை

மக்னீசியம் சல்பேட் மருந்து 50 விழுக்காட்டுக் கரைசலாக ஆம்பூல் எனப்படும் 2 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் வருகிறது. ஓர் ஆம்பூலில் இருப்பது 1 கிராம். எக்லாம்ப்சியா என்னும் பேறுகால வலிப்பு வந்த பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் கொடுக்க வேண்டிய முதல் அளவு 10 கிராம் என்பதையும், அதை இரண்டு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம் தசையில் ஆழமாகப் போட வேண்டும் என்பதையும் தேர்வுத்தாளில் எழுதாத மாணவி இல்லை. ஆனால் அந்த 10 கிராமுக்குப் பத்து ஆம்பூல்களை உடைத்து, இரண்டு 10 மில்லி சிரிஞ்சுகளை நிரப்பியாக வேண்டும் என்பதும், அதற்குள் வலிப்பில் துடிப்பவளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து அவள் கட்டிலிலிருந்து விழாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், ஆம்பூலைக் கையில் கொடுக்கும்வரை யாருக்கும் தோன்றுவதில்லை. ஸ்கில் லேப் எனப்படும் திறன் பயிற்சிக்கூடத்தில் முதன்முறை இதைச் செய்த என் மாணவி ஒருத்தி மூன்றாவது ஆம்பூலில் விரலைக் கீறிக்கொண்டாள், ஏழாவதில் எண்ணிக்கையைத் தவறவிட்டு, "மேம், இது எத்தனாவது?" என்று என்னையே கேட்டாள்.

அந்தக் கேள்வி லேபர் வார்டில் எழாமல் வகுப்பறையில் எழுவதற்காகத்தான் பாவனைப் பயிற்சி. கடலூரிலும் புதுச்சேரியிலும் செவிலியம் படிக்கும் பெண்கள் பிரசவ அறையில் போதுமான நாட்கள் நிற்கிறார்கள். இயல்பான பிரசவங்களைப் பார்க்கவும் செய்கிறார்கள். எனினும், பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டும்போதோ, குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும்போதோ, அறையில் முதலில் சுவரோரம் தள்ளப்படுபவர்கள் மாணவியர்தாம். அப்படித் தள்ளுவது நியாயமும்கூட, ஏனெனில் அங்கே ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. ஆகவே எதை மிகத் திறமையாகச் செய்ய வேண்டுமோ அதைச் செய்து பார்க்காமலேயே அவர்கள் சான்றிதழ் வாங்கிச் சென்று, சில மாதங்களில் ஏதோ ஒரு சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் தனியே அமர்கிறார்கள்.

இது புதிய யோசனையன்று. புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த 1759-இல், பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயி, ஆஞ்செலிக் டு குத்ரே என்னும் மருத்துவச்சியிடம் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அவர் துணி, தோல், பஞ்சு ஆகியவற்றைக் கொண்டு இடுப்பும் கர்ப்பப்பையும் குழந்தையும் சேர்ந்த ஒரு பொம்மையைத் தைத்து, அதை வைத்தே பாடம் நடத்தினார். அவர் செய்த பொம்மைகளுள் ஒன்று ருவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குத் துணிப் பொம்மையால் கைப்பக்குவம் வரும் என்று அந்த அம்மையார் கண்டிருந்தார் என்றால், பல லட்சம் ரூபாய் மானிக்கின் என்னும் பயிற்சிப் பொம்மை இல்லாமல் பயிற்சி நடத்த முடியாது என்று நாம் சொல்வது பொருந்தாது. நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் விலை உயர்ந்த பிரசவ மானிக்கின் ஒன்று கண்ணாடி அலமாரியில் பாலித்தீன் உறை கழற்றாமல் நின்றது. சாவி அலுவலகத்தில் இருந்தது. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் அதற்குத் தூசி தட்டப்பட்டது. மாணவியர் அதற்கு ஒரு செல்லப்பெயர்கூட வைத்திருந்தார்கள், தொட்டதுதான் இல்லை.

கருவிகளைச் சேர்த்தல்

நார்வே நாட்டு லேர்டால் நிறுவனத்தின் மாமாநேட்டலி என்னும் கருவி, பயிற்றுநர் தம் வயிற்றில் கட்டிக்கொண்டு பிரசவிக்கும் பெண்ணாக நடிக்கும் வகையில் அமைந்தது. அது இருந்தால் நல்லது. இல்லையென்றால், திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ரெக்சினும் பஞ்சும் வாங்கி, ஒரு பழைய பாவாடையையும் சேர்த்து, தையல் தெரிந்த ஒருவரை ஒரு பிற்பகல் உட்கார வைத்தால் அதற்கு ஈடானதைச் செய்துகொள்ளலாம். குழந்தைப் பொம்மைக்கு எடை இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம். காற்றுப்போல் லேசான பொம்மையைப் பிடித்துப் பழகிய கை, வழுக்கும் உண்மைக் குழந்தையைப் பிடிக்கும்போது தடுமாறும். 2 கிலோ 800 கிராம் எடையும், ஏறத்தாழ 34 செ.மீ. தலைச் சுற்றளவும் இருக்கட்டும். எடைக்கு உப்பு நிரப்பாதீர்கள், நம் கடற்காற்றில் கசிந்துவிடும். அரிசி நிரப்பினால் வண்டு வைக்கும். கழுவிக் காயவைத்த மணலைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி உள்ளே வைத்துத் தைப்பதே மேல். மேலே சோப்புக் கரைசல் தடவினால் வழுக்கல் தானாக வரும். நஞ்சுக்கொடியைச் சிவப்புத் துணியில் 20 செ.மீ. அகலத்துக்கும் அரைக்கிலோ எடைக்கும் தைத்து, அதோடு 50 செ.மீ. நீளத் தொப்புள்கொடியை இணைத்து, ஒரு மடலை மட்டும் ஊக்குப் பொத்தானால் கழற்றும்படி வைத்துக்கொண்டால், வெளிவந்த நஞ்சுக்கொடி முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தைச் சோதிக்கலாம். பொத்தானைக் கழற்றி ஒளித்துவைத்த நாளில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை.

கர்ப்பப்பை இறுகுவதையும் தளர்வதையும் காட்டத்தான் பலரும் திணறுகிறார்கள். பழுதான பி.பி. கருவியின் பட்டைக்குள் இருக்கும் ரப்பர்ப் பையை அதன் பல்போடு எடுத்து, நான்காக மடித்துத் துணிப்பைக்குள் வைத்து, நடிப்பவரின் தொப்புளுக்குக் கீழே கட்டிவிடுங்கள். பல்பு அவருடைய கைக்குள், சேலைத் தலைப்பின் மறைவில் இருக்கட்டும். காற்று இறங்கியிருக்கும்போது அது பிசைந்த மாவுபோலக் கிடக்கும். ஏற்றினால் உரித்த தேங்காய்போல இறுகும். மாணவி சரியான இடத்தில் சரியான அழுத்தத்தோடு தேய்த்தால் மட்டுமே நடிப்பவர் காற்றை ஏற்ற வேண்டும், தேய்ப்பதை நிறுத்தினால் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். இந்த ஒரு தந்திரம் கற்றுக்கொடுப்பதை எந்தக் கரும்பலகைப் படமும் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும் அளவை விரலால் அறிவதற்கு, 3 முதல் 10 செ.மீ. வரை விட்டமுள்ள டப்பா மூடிகளில் வட்டம் வெட்டித் துணிப்பைக்குள் போட்டு, பார்க்காமல் தடவி அளவு சொல்லச் செய்தால் போதும்.

ரத்தத்தை அளக்கப் பழக்குதல்

பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் 500 மில்லியோ அதற்கு மேலோ ரத்தம் போனால் அது மிகை ரத்தப்போக்கு என்பது நெடுநாளைய வரையறை. இந்த 500 மில்லியைக் கண்ணால் மதிப்பிடும்போது, அனுபவம் உள்ளவர்களே, அதிலும் அளவு கூடக்கூட, குறைத்துத்தான் சொல்கிறார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், அளவுக்கோடுகள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பால் ரத்தத்தை அளந்து, உடனடிச் சிகிச்சைகள் அனைத்தையும் ஒருசேரத் தொடங்கியபோது, கடுமையான ரத்தப்போக்கும் அதனால் நேரும் பெரிய அறுவைச் சிகிச்சையும் மரணமும் சேர்ந்த விளைவு 60 விழுக்காடு குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. நேரத்தில் கண்டுகொண்டார்கள், சேர்த்துச் செய்தார்கள், அவ்வளவே.

ஆகவே ஒரு முழுக் காலைப் பொழுதை இதற்கென்றே ஒதுக்குங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீரின் நிறம் ஆசை காட்டும், ஆனால் அதைப் பயன்படுத்தாதீர்கள்: சுண்ணாம்பு தோலுக்கு ஆகாது, மஞ்சள் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. சோள மாவைக் கொதிக்க வைத்து, ஆறியபின் சிவப்பு உணவுச் சாயமும் ஒரு துளி நீலமும் சேர்த்தால் நிறமும் பசையும் சரியாக வரும். கட்டிகளுக்குக் கடல்பாசியைச் சாயத்தோடு காய்ச்சி உறையவைத்துக் கையால் உடைத்துக்கொள்ளலாம். பின்னர் ஒரு பருத்திச் சேலையின் மீது 300 மில்லி, பாவாடையின் மீது 500 மில்லி, கிட்னி டிரேயில் 200 மில்லி, மொசைக் தரையில் 250 மில்லி என்று முன்கூட்டியே அளந்து ஊற்றி, அளவுகளை உறையில் எழுதி ஒட்டிவைத்துவிட்டு, மாணவியரை ஒவ்வோர் இடமாக நடக்கவிட்டு மதிப்பை எழுதச் சொல்லுங்கள். சேலையில்தான் பெரும் பிழை நேரும், ஏனெனில் சேலை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். தரையிலோ எதிர்மாறாகப் பரந்து விரிந்து அச்சமூட்டும். கடைசியில் ஒரு தராசைக் கொண்டுவந்து, நனைந்த துணியின் எடையிலிருந்து உலர்ந்த துணியின் எடையைக் கழித்துக் காட்டுங்கள். ஏறக்குறைய ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்ற கணக்கு அப்போதுதான் மனத்தில் நிற்கும்.

சம்பவத்தை எழுதுதல்

ஒரு பயிற்சிக்கு ஒரு பக்கம், அதில் மூன்றுக்கு மேற்படாத நோக்கங்கள். ரத்தப்போக்கு, குழந்தை மூச்சுவிடாமை, உறவினரின் சண்டை, ஆம்புலன்ஸ் தாமதம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் திணிப்பது புதிய ஆசிரியர்களின் வழக்கம். நாடகம் நன்றாக இருக்கும், மாணவி எதையும் கற்றிருக்க மாட்டாள்.

நான் பயன்படுத்தும் சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். தேவனாம்பட்டினத்துப் பெண், 28 வயது, மூன்றாவது பிரசவம், நேரம் அதிகாலை 2 மணி, ஆரம்ப சுகாதார நிலையம். குழந்தை பிறந்து அழுதுவிட்டது. மாணவி ஒரு நிமிடத்துக்குள், கர்ப்பப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து 10 யூனிட்டைத் தாயின் தொடைத் தசையில் போட்டு, தொப்புள்கொடியைப் பக்குவமாக இழுத்து நஞ்சுக்கொடியை எடுத்து, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்காம் நிமிடத்தில் பை தளர்கிறது. ரத்தம் விரிப்பில் சேரத் தொடங்குகிறது. நாடித்துடிப்பு 96-லிருந்து 118-க்கு ஏறுகிறது. இந்த எண்களை மாணவி கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும், அவள் கையை நாடியில் வைத்தால் மட்டுமே கேட்டதாகக் கொள்ள வேண்டும். அவள் தேய்த்து, உதவிக்கு ஆள் கூப்பிட்டு, நரம்பில் ஊசி ஏற்றி ஆக்ஸிடோசின் டிரிப் தொடங்கி, சிறுநீர்ப்பையைக் காலி செய்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் கொடுத்து, நஞ்சுக்கொடியையும் கிழிசல்களையும் சரிபார்த்தால் ரத்தம் குறைகிறது. செய்யாவிட்டால் குறைவதில்லை. ஆசிரியரின் இரக்கத்தால் எந்த நோயாளியும் பிழைக்கக் கூடாது.

அதே சம்பவத்தின் இன்னொரு வடிவத்தில் ஐந்தாம் நிமிடம் விளக்கை அணைத்துவிடுவேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறியபின் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. டார்ச் எங்கே இருக்கிறது, யார் பிடிப்பது, இருட்டில் ஆம்பூலின் பெயரை எப்படிப் படிப்பது என்பவை அப்போதுதான் பாடமாகின்றன.

தாயாக நடிப்பவர் ஊமையாகப் படுத்திருக்கக் கூடாது. "சிஸ்டர், தல சுத்துது, கண்ண இருட்டுது" என்று அவரும், "என்னம்மா, புள்ளைக்கு ரத்தம் நிக்கலையா? எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?" என்று மாமியாராக நடிப்பவரும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "அம்மா, ரத்தம் கொஞ்சம் அதிகமா போகுது, நிறுத்த மருந்து போடறோம், வயித்த அழுத்தித் தேய்ப்பேன், வலிக்கும், என் கையப் பிடிச்சுக்குங்க" என்று கைவேலையை நிறுத்தாமல் சொல்லப் பழகுவதும் திறன்தான். தொடுவதற்கு முன் சொல்லாமல் தொட்டால் நடிப்பவர் காலை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். பொம்மை ஒருபோதும் காலை இழுத்துக்கொள்ளாது என்பதால்தான் உயிருள்ள ஒருவர் அதை அணிய வேண்டியிருக்கிறது. மருத்துவரிடம் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லும் பகுதியை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வைக்கும் வழக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன். நிஜத்தில் அந்தப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. யார், என்ன நேர்ந்தது, இதுவரை என்ன செய்தேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்ற நான்கும் முப்பது நொடிக்குள் வந்தால் போதும்.

தொடங்கும் முன் பத்து நிமிடம், பொம்மையில் எது உண்மைபோல இயங்கும், எது இயங்காது என்று காட்டிவிடுங்கள். இது மதிப்பெண்ணுக்கு அன்று, இங்கே நடப்பது வெளியே போகாது, யாரும் செல்பேசியில் படம் எடுத்து வாட்ஸப்பில் போடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். ஓ.எஸ்.சி.இ. என்னும் செய்முறைத் தேர்வு வேறொரு நாளில், வேறு மதிப்பீட்டாளரோடு நடக்கட்டும்.

பேசிப் பார்த்தல்

பயிற்சி பத்து நிமிடம் என்றால், அதற்குப் பின் நடந்ததைப் பேசிப் பார்க்கும் டிப்ரீஃபிங் இருபது நிமிடம். நேரம் இல்லையென்றால் சம்பவத்தைக் குறைக்கலாம், இதைக் குறைக்கக் கூடாது. கற்றல் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது, கெடுவதும் இங்கேதான். எல்லாரும் வட்டமாக, ஆசிரியரும் அதே உயரத்தில், பாய் விரித்து உட்காருங்கள். முதலில் எப்படி இருந்தது என்று கேட்டு, படபடப்பு அடங்கும்வரை பேசவிடுங்கள். பிறகு என்ன நடந்தது என்பதை வரிசையாக அவர்களே சொல்லட்டும். "ஏன் ஊசி போடலை?" என்ற கேள்விக்கு நம் மாணவியரிடமிருந்து வரும் விடை "சாரி மேம்" என்பது மட்டுமே. "ரத்தத்தை நீ கவனித்த பிறகு ஒரு நிமிடம் கையைக் கட்டி நின்றதைப் பார்த்தேன், அந்த நிமிடத்தில் உன் மனத்தில் என்ன ஓடியது?" என்று கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருங்கள்.

அப்படிக் காத்திருந்த ஒருநாள், வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவள் சொன்னாள்: "டோஸ் தெரியும் மேம். பெரிய சிஸ்டர் சொல்லாம நானா போட்டா திட்டுவாங்களோன்னு நெனச்சேன்." அவளுக்கு மருந்தியல் பாடத்தை இன்னொரு முறை நடத்தியிருந்தால் ஒரு பயனும் விளைந்திருக்காது. சிக்கல் அறிவில் இல்லை, அனுமதியில் இருந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் இந்த முதல் மருந்துகளைத் தாமே தொடங்கலாம் என்பது இந்திய அரசின் வழிகாட்டுதலில் உள்ளதுதான். ஆனால் வார்டில் வருடக்கணக்காகப் பார்த்த மேல்-கீழ் வரிசை அவள் கையைப் பிடித்து வைத்திருந்தது. "சிஸ்டர், கர்ப்பப்பை தளர்ந்திருக்கு, ஆக்ஸிடோசின் தொடங்குறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்கும் ஒரு வாக்கியத்தை அன்று வகுப்பே சேர்ந்து உருவாக்கிக்கொண்டது.

பேசி முடித்தவுடன், அதே நாளில், அதே சம்பவத்தை அதே குழு மீண்டும் செய்யட்டும். தவறோடு வீட்டுக்கு அனுப்புவதால் தவறுதான் மனத்தில் பதியும்.

அடிக்கடி, சிறிது சிறிதாக

குழந்தைக்கு மூச்சூட்டும் பயிற்சியைப் பொறுத்தவரை ஒருநாள் பட்டறையை நம்பாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2010-இல் தொடங்கிய ஹெல்பிங் பேபீஸ் பிரீத் பயிற்சி, அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சூட்டத் தொடங்க வேண்டும் என்பதை உலகெங்கும் கற்பித்தது. ஆனால் தான்சானியாவின் ஹேடம் மருத்துவமனையில் 2013-இல் வெளியான ஆய்வு, ஒருநாள் வகுப்புக்குப் பின் பொம்மையிடம் திறன் கூடியது என்றும், பிரசவ அறையில் எதுவும் மாறவில்லை என்றும் காட்டியது. அதே இடத்தில் குறுகிய பயிற்சிகளை அடிக்கடி நடத்திய பிறகே குழந்தைகளின் இறப்பு குறைந்தது. எனவே பணிமாற்றத்துக்கு முன் வாரம் ஒருமுறை பத்து நிமிடம், பையும் முகமூடியும் பொம்மையும் ஒரு மேசையில் இருக்கட்டும். "அமுக்கு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணினால் நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை தானாக அமையும். மார்பு எழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், பை சுருங்குவதை அன்று. எழவில்லையென்றால் முகமூடியைச் சரிசெய், தலையைச் சரிசெய், வாயைத் திற என்ற வரிசை கைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

தோள் சிக்குவதற்கும் இது பொருந்தும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பணியாளர் அனைவருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி கட்டாயமான பிறகு, தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் நேர்வது 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 விழுக்காடாகக் குறைந்ததாக 2008-இல் பதிவு செய்தார்கள். தொடைகளை வயிற்றை நோக்கி மடக்குவதையும் அடிவயிற்றின் கீழுள்ள பூப்பு எலும்புக்கு மேலே அழுத்துவதையும் இருவர் சேர்ந்து செய்து பழக வேண்டும். கர்ப்பப்பையின் மேல்பகுதியை அழுத்தும் கை உடனே தடுக்கப்பட வேண்டும்.

பொம்மையால் ஆகாதவையும் உண்டு. நீண்ட வலியின்போது பொறுமையாகப் பக்கத்தில் இருப்பதை அது கற்றுக்கொடுக்காது. பஞ்சில் போட்ட தையல் தசையில் போட்ட தையலாகிவிடாது.

வாய்ப்பு அமைந்தால், பொறுப்புச் செவிலியரின் ஒப்புதலோடு, நோயாளிகள் இல்லாத நேரத்தில், நிஜமான பிரசவ அறையிலேயே ஒருமுறை நடத்திப் பாருங்கள். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. குளிர்ப்பெட்டி அடுத்த அறையில், பூட்டிய நிலையில், சாவி யாரிடமோ என்பது அப்போதுதான் வெளிப்படும். மூச்சுப் பையின் வால்வு ஒட்டியிருப்பதும் அப்படித்தான். இவற்றைக் குற்றப்பட்டியலாக அல்லாமல் அன்றே சரிசெய்யும் வேலைகளாக வார்டுக்குக் கொடுங்கள்.

பயிற்சி ஆம்பூல்களில் இருப்பது வெறும் நீர் என்பதால், ஒவ்வொன்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டி, கொண்டுபோகும்போதும் திரும்பும்போதும் எண்ணிக் கையெழுத்திடுங்கள். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை யாரும் அறையை விட்டுப் போகக் கூடாது. அவசர மருந்துத் தட்டிலிருந்து எடுத்தவற்றைத் திரும்ப வைத்து, பொறுப்புச் செவிலியரிடம் காட்டிவிட்டே வெளியேற வேண்டும். பொம்மையை நீரும் சோப்பும் கொண்டு கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட உலர்த்தி, ரப்பர் பாகங்களில் முகப்பவுடர் தூவி வையுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்குள் பூஞ்சை பூத்துவிடும். அலமாரிச் சாவி ஸ்கில் லேபின் ஆணியிலேயே தொங்கட்டும்.